ஐஎல்-2 டி செல்லை எழுப்புதா, இல்ல எழுந்த டி செல்தான் ஐஎல்-2 சுரக்குதா?

நீங்க கேட்டது மூணு வரிதான், ஆனா அதுக்குள்ள மூணு கேள்வி ஒளிஞ்சிருக்கு. இன்டர்லூக்கின்-2, சுருக்கமா ஐஎல்-2ங்கிற ப்ரோட்டீன், நோய் எதிர்ப்பு வெள்ளையணுல ஒரு வகையான டி செல்லை ஆக்டிவேட் பண்ணுதுன்னு ஒரு பக்கத்துல படிச்சிருக்கீங்க, அடுத்த பக்கத்துலயே ஆக்டிவேட் ஆன டி செல்தான் இன்டர்லூக்கின்-2 சுரக்கும்னு போட்டிருக்கு, அப்ப எது முதல்லன்னு குழம்பிட்டீங்க. ரெண்டாவது, செல்லுக்கு வெளிய வந்து ஒட்டுற ஒரு ப்ரோட்டீன், உள்ள இருக்கிற டிஎன்ஏ வரைக்கும் எப்படி சேதி அனுப்புது. மூணாவது போற போக்குல கேட்டது, இதையே மருந்தாவோ மாத்திரையாவோ எடுத்தா எதிர்ப்பு சக்தி கூடாதா. நான் டாக்டர் இல்ல. மனுஷ ரத்தத்துல இருந்து டி செல் பிரிச்சு வளர்க்கிற லேப்ல பதினோரு வருஷமா வேலை பார்க்கிறேன். அதனால முதல் ரெண்டுக்கும் கண்ணால பார்த்ததை வச்சு பேசுவேன், மூணாவதுக்கு ட்ரையல்கள்ல என்ன வந்துச்சோ அதோட நிறுத்திக்குவேன்.

முதல்ல அந்த "ஆக்டிவேட்"ங்கிற வார்த்தையை பிடிப்போம், குழப்பத்துக்கு முக்கால்வாசி காரணம் அதுதான். ரெண்டு வேற வேற சங்கதிக்கு இந்த ஒரே வார்த்தையை போட்டுடுறாங்க. தூங்கிட்டிருக்கிற டி செல் தன்னோட எதிரியை அடையாளம் கண்டு முழிச்சுக்கிறது ஒண்ணு, முழிச்ச செல் பெருகி ஒண்ணு ஆயிரமா ஆகிறது இன்னொண்ணு. ஐஎல்-2 முக்கியமா செய்றது ரெண்டாவது வேலை. அசந்து தூங்குற டி செல்லை அது போய் தட்டினா பெருசா ஒண்ணும் நடக்காது, ஏன்னா தட்டுறதை கேட்கிற காதே அந்த செல்லுக்கு இன்னும் முழுசா முளைக்கல. உங்க புக்ல முதல் பக்கத்துல "ஆக்டிவேட் பண்ணுது"ங்கிற இடத்துல "பெருக்குது"ன்னு மாத்தி போட்டு படிச்சு பாருங்க, ரெண்டு பக்கமும் சண்டை போடாது.

சேர்ந்த புதுசுல நானே இதை தப்பா புரிஞ்சுகிட்டு ஒரு வாரத்தை வீணாக்கியிருக்கேன். ரத்தத்தை ஃபைகால்ங்கிற கரைசல் மேல மெதுவா ஊத்தி சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தினா சிவப்பணு அடியில போயிடும், பிளாஸ்மா மேல நிக்கும், நடுவுல மேகம் மாதிரி மெல்லிசா ஒரு வெள்ளை வளையம் வரும், டி செல் உள்பட லிம்ஃபோசைட்ங்கிற வெள்ளையணு எல்லாம் அதுலதான் இருக்கும். அதை உறிஞ்சி எடுத்து, கழுவி, மீடியத்துல போட்டு, தாராளமா ஐஎல்-2 விட்டு இன்குபேட்டர்ல வச்சுட்டேன். டி செல் வளர்ச்சி காரணின்னு பேரே இருக்கே, வளராம எங்க போகும்னு ஒரு தைரியம். மூணு நாள் கழிச்சு மைக்ராஸ்கோப்ல பார்த்தா எல்லாம் போட்டது போட்டபடி சின்ன சின்ன உருண்டையா கிடக்கு, மீடியத்தோட நிறம் கூட மாறல. வாரக் கடைசியில கொஞ்சம் பெருகின மாதிரி தெரிஞ்சுது, சந்தோஷமா ஸ்டெயின் பண்ணி செல்லை ஒண்ணொண்ணா எண்ணி வகை பிரிக்கிற ஃப்ளோ சைட்டோமீட்டர்ல ஓட்டினா பெருகினது பெரும்பாலும் என்கே செல்ங்கிற வேற வகை லிம்ஃபோசைட், டி செல்லே இல்ல. சீனியர் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "சிடி3க்கு ஆன்டிபாடி போட்டியா?" போடல.

சிடி3, சிடி28 ரெண்டும் டி செல் மேல இருக்கிற ப்ரோட்டீன், அடுத்த தடவை அது ரெண்டையும் பிடிக்கிற ஆன்டிபாடி ஒட்டின மணிகளை சேர்த்து வச்சேன். ரெண்டாம் நாள் பார்த்தா செல் எல்லாம் திராட்சைக் கொத்து மாதிரி கூடிக்கூடி நிக்குது, 7 மைக்ரான் இருந்த செல் 10, 12ன்னு உப்பியிருக்கு. மூணாம் நாள் சிவப்பா இருந்த மீடியம் ஆரஞ்சாகி மஞ்சளை தொட்டுடுச்சு, ஏன்னா செல் சர்க்கரையை தின்னு ஆசிட்டை கக்குது, மீடியத்துல இருக்கிற ஃபீனால் ரெட் அதை காட்டிக்குடுக்குது. இன்னிக்கும் காலையில இன்குபேட்டர் கதவை திறந்ததும் நான் முதல்ல பார்க்கிறது அந்த நிறத்தைத்தான். இதுக்கப்புறம் ஐஎல்-2 விடாம விட்டா என்ன ஆகும்னு கேட்டா, அதுவும் பார்த்தாச்சு, ஒரு வாரத்துக்குள்ள சுருங்கி, கருத்து, செத்து மிதக்கும். ஆக எழுப்புறதுக்கு ஒரு ஆள், எழுந்தவனை வாழ வைக்கிறதுக்கும் பெருக்குறதுக்கும் இன்னொரு ஆள்.

லேப்ல அந்த மணி செய்ற வேலையை உடம்புல டென்ட்ரிடிக் செல் மாதிரியான செல்கள் செய்யுது. கிருமியை விழுங்கி, அதோட ப்ரோட்டீனை துண்டு துண்டா நறுக்கி, ஒரு துண்டை எம்ஹெச்சிங்கிற தட்டுல வச்சு வெளிய நீட்டும். அந்த துண்டோட சரியா பொருந்துற ரிசப்டர், அதாவது செல் மேல இருக்கிற பிடிப்பான், இருக்கிற டி செல் வந்து மோதினா அது முதல் சிக்னல். கூடவே டி செல்லோட சிடி28ஐ எதிராளி செல் பிடிச்சு அழுத்தணும், அது ரெண்டாவது சிக்னல். முதலாவது மட்டும் வந்து ரெண்டாவது வரலைன்னா டி செல் முழிக்கிறதுக்கு பதிலா மரத்துப் போயிடும், நம்ம உடம்பை நாமே தாக்காம இருக்க இது ஒரு பாதுகாப்பு. இந்த பூட்டை வெளிய இருந்து உடைச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு 2006 மார்ச்ல லண்டன்ல நடந்தது ஒண்ணே போதும். டிஜிஎன்1412ன்னு ஒரு ஆன்டிபாடி, முதல் சிக்னல் இல்லாமலே சிடி28ஐ மட்டும் பிடிச்சு டி செல்லை கிளப்பிவிடக்கூடியது. ஆரோக்கியமா இருந்த ஆறு வாலன்டியர்களுக்கு குடுத்தாங்க, சில மணி நேரத்துல ஆறு பேரும் ஐசியுல. உயிர் பிழைச்சாங்க, ஆனா குரங்குல இதை விட பல மடங்கு குடுத்தப்ப ஒண்ணும் ஆகலைங்கிறதுதான் இதுல திகிலான பகுதி.

சரி, ரெண்டு சிக்னலும் முறையா வந்துடுச்சுன்னு வைங்க. செல்லுக்குள்ள கால்சியம் ஏறும், கால்சிநியூரின்ங்கிற என்சைம் எழுந்துக்கும், அது என்ஃபேட்ங்கிற ப்ரோட்டீன்ல ஒட்டியிருக்கிற பாஸ்பேட்டை பிடுங்கிப் போடும், அப்பதான் என்ஃபேட் நியூக்ளியஸுக்குள்ள நுழைஞ்சு வேற சில ஆட்களோட சேர்ந்து ஐஎல்-2 ஜீனை திறக்கும். இது வெறும் தியரி இல்ல, கிட்னி மாத்தினவங்க சாப்பிடுற சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் கரெக்டா இந்த கால்சிநியூரினைத்தான் அடைக்குது, அதனாலதான் புது கிட்னி மேல டி செல் பாயாம இருக்கு. ஐஎல்-2 சுரக்க ஆரம்பிக்கிற அதே நேரத்துல ஐஎல்-2வை பிடிக்கிற ரிசப்டரோட முக்கியமான பகுதியும் செல் மேல முளைக்க ஆரம்பிக்கும். சில மணி நேரத்துல சிடி69ங்கிற மார்க்கர் தெரியும், ஒரு நாள்ல சிடி25, அதாவது இப்ப சொன்ன அந்த ரிசப்டர் பகுதி, பளிச்சுன்னு ஏறியிருக்கும். உங்க கோழியா முட்டையாவுக்கு பதில் இதுதான், முதல்ல எதிரியை பார்த்த சிக்னல், அது சுரக்கிற ப்ரோட்டீன், அதை கேட்கிற காது ரெண்டையும் ஒண்ணா உண்டாக்குது, அதுக்கப்புறம் செல் தானே சுரந்து தானே பிடிச்சுக்கும், பக்கத்துல நிக்கிறதுக்கும் கொஞ்சம் போகும்.

இந்த ரிசப்டர் அமைப்புதான் எனக்கு இந்த கதையிலேயே ரொம்ப பிடிச்ச இடம், கொஞ்சம் நீட்டிடுவேன், பொறுத்துக்கோங்க. ஐஎல்-2 ரொம்ப சின்ன ப்ரோட்டீன், 133 அமினோ அமிலம், நாலு சுருள் கம்பியை கட்டா கட்டின மாதிரி வடிவம். அதை பிடிக்க மூணு துண்டு இருக்கு, ஆல்ஃபா, பீட்டா, காமா. ஆல்ஃபாங்கிறதுதான் மேல சொன்ன சிடி25. ஆல்ஃபா தனியா இருந்தா ஐஎல்-2வை லேசா பிடிக்கும், ஆனா அதோட வால் செல்லுக்குள்ள ரொம்ப குட்டியா இருக்கிறதால சேதி எதுவும் அனுப்ப தெரியாது. பீட்டாவும் காமாவும் சேர்ந்தா சேதி அனுப்பும், ஆனா பிடிமானம் சுமார்தான், நானோமோலார் அளவுக்கு ஐஎல்-2 இருந்தாதான் வேலைக்கு ஆகும் (மோலார்ங்கிறது கரைசலோட அடர்த்தி அளவு, பிகோ நானோல ஆயிரத்துல ஒண்ணு). மூணும் சேர்ந்துச்சுன்னா பிடி நூறு மடங்கு இறுகி 10 பிகோமோலாருக்கு வந்துடும். 10 பிகோமோலார்னா எவ்வளவுன்னு ஒரு கணக்கு போட்டு பார்த்தேன், 25 லட்சம் லிட்டர் பிடிக்கிற ஒலிம்பிக் நீச்சல் குளத்துல அரை கிராம் கூட இல்லாத ஐஎல்-2வை கரைச்சா வர்ற அளவு. அவ்வளவு மெல்லிய வாசனையை அந்த செல் மோப்பம் பிடிக்குது.

தூங்குற டி செல் மேல ஆல்ஃபா கிட்டத்தட்ட இல்ல, பீட்டாவும் கொஞ்சம்தான். அதனாலதான் என் முதல் கல்ச்சர்ல ஒண்ணும் நடக்கல. என்கே செல்லுக்கு பீட்டாவும் காமாவும் எப்பவுமே உண்டு, நான் அள்ளி விட்ட டோஸ்ல அது மட்டும் கேட்டு பெருகிடுச்சு. ஒரு சின்ன திருத்தம், ஏற்கனவே ஒரு தடவை சண்டை பார்த்த மெமரி டி செல்கள்ல சிலதுக்கு பீட்டா கூடுதலா இருக்கும், அதெல்லாம் நல்ல டோஸ்ல ஓரளவு கேட்கும். அதனால "தூங்குற டி செல் எதுவுமே கேட்காது"ன்னு யாராவது அடிச்சு சொன்னா அது கொஞ்சம் மிகைதான்.

காமா இன்னொரு விதத்துல முக்கியம், அது ஐஎல்-2க்கு மட்டும் சொந்தமில்ல, பொது சொத்து. ஐஎல்-4, 7, 9, 15, 21 எல்லாமே தங்களோட ரிசப்டர்ல இதே காமாவைத்தான் பயன்படுத்துது. இதோட ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, அது கெட்டுப்போய் பிறக்கிற ஆண் குழந்தைங்களுக்கு டி செல்லும் இருக்காது, என்கே செல்லும் இருக்காது, ஆன்டிபாடி செய்ற பி செல் இருந்தும் பிரயோஜனமில்ல. அமெரிக்காவுல டெக்ஸாஸ்ல பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளயே வளர்ந்து 1984ல 12 வயசுல இறந்துபோன டேவிட் வெட்டருக்கு இருந்தது இந்த வகை நோய்தான். எந்த ஜீன்னு கண்டுபிடிச்சது 1993ல. இதுல ஒரு வேடிக்கை, அந்த குழந்தைங்களுக்கு டி செல் இல்லாம போறதுக்கு ஐஎல்-2 வேலை செய்யாதது காரணமில்ல, ஐஎல்-7 வேலை செய்யாததுதான் காரணம், என்கே இல்லாததுக்கு ஐஎல்-15. ஐஎல்-2 மட்டும் இல்லாம போனா கதையே வேற, அதுக்கு வரேன்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, வெளிய ஒட்டினது உள்ள எப்படி தெரியுது. ஐஎல்-2 நியூக்ளியஸுக்குள்ள போய் எதையும் திறக்கிறதில்ல, அதோட வேலை வாசல்லயே முடிஞ்சுடுது. அது செய்றது ஒரே ஒரு காரியம், பீட்டாவையும் காமாவையும் பக்கத்துல பக்கத்துல இழுத்து நிறுத்துறது. பீட்டாவோட வால்ல ஜாக்1, காமாவோட வால்ல ஜாக்3ன்னு ரெண்டு என்சைம் ஏற்கனவே தொங்கிட்டு காத்திருக்கும். ஜாக்ங்கிறது கண்டுபிடிச்சப்ப "ஜஸ்ட் அனதர் கைனேஸ்"னு, அதாவது இன்னுமொரு கைனேஸ் (பாஸ்பேட் ஒட்டுற என்சைம்)னு அலட்சியமா வச்ச பேரு, அப்புறம் மரியாதையா ரெண்டு முகம் உள்ள ரோமானிய சாமி ஜேனஸ் பேருன்னு மாத்தி சொல்லிக்கிட்டாங்க. ரெண்டு ஜாக்கும் நெருங்கினதும் ஒண்ணை ஒண்ணு பாஸ்பேட் ஒட்டி உசுப்பிவிடும், அடுத்து பீட்டாவோட வால்ல இருக்கிற டைரோசின்ங்கிற அமினோ அமிலங்கள் மேல பாஸ்பேட்டை ஒட்டும். அந்த பாஸ்பேட்தான் கொக்கி. சைட்டோபிளாசத்துல சும்மா சுத்திட்டிருக்கிற ஸ்டாட்5ங்கிற ப்ரோட்டீன் வந்து அந்த கொக்கியில மாட்டும், மாட்டினதும் ஜாக் அதுக்கும் ஒரு பாஸ்பேட் ஒட்டும், பாஸ்பேட் வாங்கின ரெண்டு ஸ்டாட்5 ஒண்ணை ஒண்ணு கட்டிக்கிட்டு வாலை விட்டு கழண்டு நேரா நியூக்ளியஸுக்கு போய் டிஎன்ஏல தனக்கான இடத்துல உட்காரும். தூதுவன்னு தனியா ஒருத்தன் இல்ல பாருங்க, வாசல்ல சேதி வாங்கினவனே உள்ள போய் ஜீனையும் திறக்கிறான்.

எவ்வளவு வேகம்னா, ஐஎல்-2 விட்டு 15 நிமிஷத்துல செல்லை ஃபார்மால்டிஹைடுல உறைய வச்சு, பாஸ்பேட் ஒட்டின ஸ்டாட்5ஐ மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடி போட்டு ஃப்ளோவுல ஓட்டினா ஸ்க்ரீன்ல வர்ற வரைபட மலை அப்படியே வலது பக்கம் நகர்ந்து நிக்கிறதை பார்க்கலாம். ஸ்டாட்5 திறக்கிற ஜீன்கள்ல ஒண்ணு அதே சிடி25, அதாவது கேட்க கேட்க காது இன்னும் பெருசாகுது. செல் சாகாம காப்பாத்துற பிசிஎல்-2, பிரியறதுக்கு தேவையான சைக்ளின் வகையறா எல்லாம் இந்த சிக்னல்ல ஏறும். இது போக பிஐ3 கைனேஸ், எம்டார்னு ஒரு கிளை செல்லை தின்னு கொழுக்க வைக்கும், மேப் கைனேஸ்னு இன்னொரு கிளையும் உண்டு, அதுக்குள்ள போனா இந்த பதில் முடியாது. மாற்று உறுப்பு வச்சவங்களுக்கு குடுக்கிற சிரோலிமஸ் அடைக்கிறது இந்த எம்டாரை, மூட்டுவாதத்துக்கு குடுக்கிற டோஃபாசிடினிப் அடைக்கிறது ஜாக்கை, பாசிலிக்ஸிமாப்ங்கிற ஆன்டிபாடி போய் உட்கார்றது ஆல்ஃபா மேல. மருந்து கடை அலமாரியில இந்த ஒரு பாதையே படிப்படியா அடுக்கி வச்சிருக்குன்னு நான் புதுசா வர்ற பசங்ககிட்ட சொல்றதுண்டு.

நிறுத்துறதும் இதுக்குள்ளயே இருக்கு. ஒட்டின கொஞ்ச நேரத்துல செல் அந்த மொத்த கூட்டத்தையும் உள்ள விழுங்கிடும், ஐஎல்-2, பீட்டா, காமா மூணும் உள்ள அரைபட்டுப் போகும், ஆல்ஃபா மட்டும் பத்திரமா மேல திரும்பி வரும். ஸ்டாட்5 திறந்துவிடுற ஜீன்கள்லயே சிஸ், சாக்ஸ்1 மாதிரி ஜாக்கோட வாயை அடைக்கிற ப்ரோட்டீன்களும் இருக்கு. 1984ல டோரீன் காண்ட்ரெலும் கெண்டல் ஸ்மித்தும் காட்டினது இது: டி செல் பிரியறதா வேணாமான்னு முடிவு பண்றது ஐஎல்-2 எவ்வளவு இருக்கு, ரிசப்டர் எத்தனை இருக்கு, எவ்வளவு நேரம் சேர்ந்து இருந்துச்சுங்கிற மூணும்தான். ஒரு செகண்ட் ஸ்விட்சை தட்டிட்டு போற கதையில்ல, மணிக்கணக்கா அழுத்திப் பிடிச்சிருக்கணும்.

வரலாறுல ஒரு துணுக்கு, ஏன்னா அதுதான் அடுத்த திருப்பத்துக்கு கொண்டு போகும். 1976ல டோரிஸ் மார்கன், ஃபிரான்சிஸ் ருசெட்டி, ராபர்ட் காலோ மூணு பேரும் எலும்பு மஜ்ஜையில இருந்து ரத்தப் புற்று ஆராய்ச்சிக்கு வேற வகை செல்லை வளர்க்கத்தான் பார்த்தாங்க, ஒரு பீன்ஸ் வகையில இருந்து எடுக்கிற பிஹெச்ஏங்கிற பொருளால கிளப்பின லிம்ஃபோசைட்டோட மீடியத்தை வடிச்சு ஊத்தினாங்க, வளர்ந்தது எதிர்பாராத டி செல். அதுவரைக்கும் டி செல்லை நீண்ட நாள் டிஷ்ல வச்சுக்க யாராலயும் முடியல. 1983ல ஜப்பான் விஞ்ஞானி தனிகுச்சியோட குழு ஐஎல்-2 ஜீனை பிரிச்சு எடுத்தாங்க. எச்ஐவியை முதல்ல கல்ச்சர்ல பிடிக்க முடிஞ்சதுக்கும் இந்த ஐஎல்-2 குடுத்து டி செல்லை உயிரோட வச்சதுதான் கைகுடுத்துச்சு. அப்ப எல்லாரும் நினைச்சது என்ன, டி செல்லை வளர்க்கிற சத்து இது, இல்லைன்னா எதிர்ப்பு சக்தியே படுத்துடும்.

1990களோட தொடக்கத்துல ஐஎல்-2 ஜீனை நீக்கின எலி வந்துச்சு. எதிர்ப்பு சக்தி படுத்துடும்னு பார்த்தா தலைகீழா நடந்துச்சு. டி செல் இருந்துச்சு, இருந்தது மட்டுமில்ல, கட்டுப்பாடில்லாம பெருகி எலியோட சொந்த குடலையே தின்ன ஆரம்பிச்சுடுச்சு. வளர்க்கிற சத்தை எடுத்தா ஏன் கூடுதலா வளருது? விடை 1995ல ஷிமோன் சகாகுச்சி பண்ணின வேலையில வந்துச்சு. சாதாரண எலியிலயே சிடி4ங்கிற மார்க்கர் உள்ள டி செல்கள்ல ஒரு சின்ன பங்கு, எந்த எதிரியும் வராமலே, எப்பவும் சிடி25ஐ சுமந்துட்டு திரியுது, அதை நீக்கினா எலிக்கு சொந்த உடம்பையே தாக்குற ஆட்டோஇம்யூன் நோய் வருது. அடக்கி வைக்கிற போலீஸ், இன்னிக்கு டி-ரெக்னு சொல்றோம், இதுக்காகத்தான் 2025ல மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், சகாகுச்சி மூணு பேருக்கும் மருத்துவ நோபல். டி-ரெக்குக்கு சொந்தமா ஐஎல்-2 சுரக்க தெரியாது, ஃபாக்ஸ்பி3ங்கிற ப்ரோட்டீன் அந்த ஜீனை பூட்டி வச்சிருக்கு, ஆனா அதை பிடிக்க மூணு துண்டும் எப்பவும் தயாரா வச்சிருக்கும். அதனால பக்கத்துல எந்த டி செல் ஐஎல்-2 சுரந்தாலும் அதுல ஒரு பங்கை இது உறிஞ்சிக்கும், உறிஞ்சி தெம்பாகி சுரந்தவனையே அடக்கும். ஐஎல்-2வே இல்லைன்னா முதல்ல சாகிறது போலீஸ்தான். மனுஷங்கள்ல அபூர்வமா சிடி25 இல்லாம பிறக்கிற குழந்தைங்களுக்கும் ஆட்டோஇம்யூன் தொந்தரவு வர்றதால இது எலிக்கு மட்டுமான கதை இல்லன்னு தைரியமா சொல்லலாம்.

இதை மனசுல வச்சுக்கிட்டு மூணாவது கேள்விக்கு வாங்க. மருந்தா குடுத்திருக்காங்க, பல வருஷமா. ஆல்டெஸ்லூக்கின்ங்கிற பேர்ல, பாக்டீரியாவுல செஞ்ச ஐஎல்-2க்கு அமெரிக்காவுல 1992ல பரவின கிட்னி புற்றுக்கும் 1998ல மெலனோமாங்கிற தோல் புற்றுக்கும் அனுமதி கிடைச்சுது, பின்னால அமெரிக்க புற்றுநோய் சர்ஜன் ஸ்டீவன் ரோசன்பர்கோட வருஷக்கணக்கான உழைப்பு இருக்கு. டோஸ் ஒரு கிலோ எடைக்கு 6 லட்சம் யூனிட், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு சுத்துக்கு அதிகபட்சம் 14 தடவை. 70 கிலோ ஆளுக்கு ஒரு டோஸ் மில்லிகிராம்ல பார்த்தா இரண்டரை சொச்சம்தான், ஆனா உடம்பு பழகின அளவோட ஒப்பிட்டா பிரளயம். ரத்தக்குழாய்ல இருந்து தண்ணி கசிஞ்சு பிரஷர் விழும், நுரையீரல்ல நீர் கோர்க்கும், அதனால ஐசியு வசதி இருக்கிற இடத்துலதான் குடுக்கணும். பத்துல ஒருத்தருக்கும் கம்மியான பேருக்குத்தான் கட்டி முழுசா மறைஞ்சுது, ஆனா மறைஞ்சவங்கள்ல பலருக்கு பல வருஷம் திரும்பி வரலைங்கிறதாலதான் அதை விடாம பிடிச்சுகிட்டாங்க.

எச்ஐவில நடந்தது இன்னும் பாடம். ஐஎல்-2 குடுத்தா சிடி4 எண்ணிக்கை ஏறுது, அருமையா ஏறுது. 5 ஆயிரத்துக்கு மேல நோயாளிகளை சேர்த்து ரெண்டு பெரிய ட்ரையல் நடத்தி 2009ல ரிசல்ட் போட்டாங்க, எண்ணிக்கை ஏறினது உண்மை, ஆனா தொற்றும் சாவும் குறையல. லேப் ரிப்போர்ட்ல நம்பர் கூடினதை பார்த்து சக்தி கூடிடுச்சுன்னு நினைக்கிற எல்லாருக்கும் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன். மறுபக்கம் 2011ல ரெண்டு குழு தலைகீழா யோசிச்சு, ரொம்ப கம்மி டோஸ்ல குடுத்தாங்க. கம்மி டோஸ்ல யார் கேட்பாங்க, மூணு துண்டும் வச்சிருக்கிற டி-ரெக் மட்டும். ஒரு குழு பார்த்தது மஜ்ஜை மாற்றுக்கு அப்புறம் குடுத்தவரோட செல் நோயாளி உடம்பை தாக்குறதால வர்ற நாள்பட்ட நோய், இன்னொண்ணு ஹெபடைடிஸ் சி கூட வர்ற ரத்தக்குழாய் அழற்சி, ரெண்டுலயும் டி-ரெக் ஏறி நோயாளிகள்ல கணிசமான பேருக்கு நிலைமை தேறிச்சு. ஒரே ப்ரோட்டீன், டோஸை மாத்தினா ஒரு பக்கம் கிளப்புது, இன்னொரு பக்கம் அடக்குது.

இதுவரை சொன்னதுல ரிசப்டர் மூணு துண்டு, ஜாக், ஸ்டாட்5, டி-ரெக்கோட பசி, இதெல்லாம் பல லேப்ல பல முறை உறுதியானது, கண்ணை மூடிட்டு எழுதலாம். கொஞ்சம் தள்ளி நின்னு கேட்க வேண்டியதும் இருக்கு. ஒரே ஸ்டாட்5 எப்படி ஒரு செல்லை கொலைகாரனாவும் இன்னொண்ணை போலீஸாவும் ஆக்குதுங்கிறதுக்கு, அந்தந்த செல்லுல டிஎன்ஏவோட எந்த பகுதி ஏற்கனவே திறந்திருக்கோ அதைப் பொறுத்துன்னு சொல்றாங்க, நம்பத்தகுந்த விளக்கம்தான், ஆனா முழு கணக்கு இன்னும் யார் கையிலயும் இல்ல. பலமான ஐஎல்-2 சிக்னல் வாங்கின சிடி8 செல், அதாவது கொல்ற வகை டி செல், சீக்கிரம் சண்டைக்காரனாகி சீக்கிரம் சாகும், லேசா வாங்கினது மெமரியா தங்கும்ங்கிறது எலியில தெளிவு, மனுஷன்ல அவ்வளவு நேர்கோடா இருக்கும்னு நான் பந்தயம் கட்டமாட்டேன். ரத்தக்குழாய் கசியறதுக்கு குழாய் சுவர் செல்லுலயே இருக்கிற ரிசப்டர் காரணமா, கிளம்பின என்கே செல்கள் கொட்டுற மத்த ப்ரோட்டீன்கள் காரணமாங்கிறதுலயும் ரெண்டு கட்சி இருக்கு. ஆல்ஃபாவை அதிகம் தொடாம முக்கியமா பீட்டா காமாவை தொடுற மாதிரி ஐஎல்-2வை திருத்தினா புற்றுக்கு சரியா இருக்கும்னு ரொம்ப நம்பிக்கையா இருந்தாங்க, அப்படி வந்த பெம்பெக்ஆல்டெஸ்லூக்கின் 2022ல மெலனோமா மூணாம் கட்ட ட்ரையல்ல தோத்துடுச்சு. பேப்பர்ல அழகா இருந்த ஐடியா ஏன் தோத்துதுன்னு ஆளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க.

கடைசியா அந்த மாத்திரை, பவுடர் சமாச்சாரம். ஐஎல்-2 ஒரு ப்ரோட்டீன், வாயால எடுத்தா வயித்துல மத்த ப்ரோட்டீன் மாதிரியே செரிச்சு அமினோ அமிலமா போயிடும், ரத்தத்துக்கு ஐஎல்-2வா போய் சேராது. ஊசியில ஏத்தினாலும் கிட்னி அதை ரத்தத்துல இருந்து வேகமா எடுத்து சிதைச்சுடும், ரத்தத்துல பாதியாக ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது, அதனாலதான் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடுத்தாங்க. உங்க வீட்டுல யாருக்காவது டாக்டர் இந்த பாதையை தொடுற மருந்து எழுதியிருந்து அதுக்காகத்தான் கேட்டீங்கன்னா, டோஸ் விஷயத்தை அவங்ககிட்டயே கேளுங்க, நான் டிஷ்ல இருக்கிற செல்லுக்கு மட்டும்தான் டோஸ் போட்டு பழகினவன். அதுக்கே ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருக்கு, ரொம்ப நீர்த்த கரைசல்ல ஐஎல்-2 பிளாஸ்டிக் ட்யூப்லயே ஒட்டிக்கும், கூட கொஞ்சம் ஆல்புமின் போடலைன்னா செல்லுக்கு போக வேண்டியது ட்யூப் சுவத்துலயே நின்னுடும், மறுநாள் மீடியம் ஏன் மஞ்சளாகலன்னு உட்கார்ந்து யோசிச்சிட்டிருக்கணும்.